விட்டுக்கொடுத்த பாதை

கடந்த ஜூன் திங்களில் ஒரு வார ஓய்வு வேண்டி, திருச்சி பொன்மலையில் இருக்கும் நம் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஓய்வு என்பது பங்கு மக்களிடம் நாம் சொல்லிச் சென்ற காரணம். உண்மையில் தங்கை தொலைபேசியில் அழைத்திருந்தாள். "அண்ணா, நீங்கள் வந்து பேசினால்தான் முடியும். அப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை" என்றாள்.

மைத்துனர் பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராய் இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928இல் பொன்மலையில் நிலைகொண்ட அந்தப் பணிமனையில், நீராவி எஞ்சினில் கைபழகி, டீசல் எஞ்சினில் பணிமுடித்தவர். பணி முடிந்தபோது கிடைத்த தொகையில் அருகிலேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். மகன் பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறான். அவன் இம்முறை ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தான். வீட்டை விற்றுவிட்டுப் பெற்றோர் இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அப்பாவுக்கு ஒருமுறை மயக்கம் வந்து விழுந்ததும், செய்தி தனக்கு இரண்டு நாள் கழித்தே சொல்லப்பட்டதும் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தன. அவன் எண்ணத்தில் தவறு இல்லை. "நான் கட்டிய வீட்டில் நான் சாகிறேன்" என்ற மைத்துனரின் சொல்லிலும் தவறு இல்லை. தவறில்லாத இரண்டு சொற்கள் மோதும்போது உண்டாகும் மௌனம் எவ்வளவு கனமானது என்பதை, குடும்பங்களுக்குள் சென்று வரும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

அந்த மௌனத்தின் நடுவே ஒன்பது வயதுப் பேத்தி தூது சென்றுகொண்டிருந்தாள். "தாத்தாவிடம் மாத்திரை போட்டாரா என்று கேள்" என்பான் மகன். "போட்டாயிற்று என்று உன் அப்பாவிடம் சொல்" என்பார் மைத்துனர். இருவருக்கும் இடையே இருந்த தூரம் ஆறடி.

முதல் நாள் மாலை மாடியில் மருமகனோடு அமர்ந்தோம். "அப்பாவின் மனம் மெல்ல மாறும். கொஞ்சம் பொறுத்திரு" என்றோம். அவன் முகம் தெளிந்தது. மறுநாள் காலை மைத்துனரோடு நடக்கச் சென்றபோது, "பையன் வற்புறுத்த மாட்டான். அவனுக்கும் உங்கள் மனம் தெரியும்" என்றோம். அவர் முகமும் தெளிந்தது. சமாதானம் செய்பவர் பேறுபெற்றோர் அல்லவா! நம் பணி நன்றாகவே தொடங்கிவிட்டது என்று நமக்குள் மகிழ்ந்துகொண்டோம்.

அன்றிரவு உணவுக்குப்பின் பேத்தி தன் பயணப் பெட்டியைக் குடைந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். 'டிக்கெட் டு ரைடு: ஃபர்ஸ்ட் ஜர்னி' என்பது அந்த விளையாட்டின் பெயர். ஆலன் ஆர். மூன் என்பவர் உருவாக்கி 2004இல் வெளிவந்த 'டிக்கெட் டு ரைடு', அவ்வாண்டே ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ஆண்டின் விளையாட்டு' விருதைப் பெற்றது. அதை ஆடி முடிக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். சிறுவர்க்கெனச் சுருக்கி 2016இல் வெளியிட்டதே பேத்தி கொண்டுவந்தது. கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

"நான்கு பேர் வேண்டும். அப்பா, தாத்தா, சாமித் தாத்தா, நான்" என்று அவளே எண்ணி முடித்துவிட்டாள். குழந்தை கேட்கும்போது மறுக்க இருவருக்கும் வாய் வரவில்லை. நான்கு நாள்களுக்குப் பிறகு அப்பனும் மகனும் ஒரே மேசையில் எதிரெதிராக அமர்ந்தார்கள்.

மேசையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரைபடம் விரிந்தது. நகரங்களை இணைத்துப் பல நிறங்களில் கட்டம் கட்டமாய்த் தண்டவாளங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் இருபது சிறு இரயில் பெட்டிகள். கையில் நான்கு வண்ணச் சீட்டுகளும், இன்ன நகரிலிருந்து இன்ன நகருக்கு என்று குறித்த இரண்டு பயணச்சீட்டுகளும் தரப்படும். நம் முறை வரும்போது இரண்டு வண்ணச் சீட்டுகளை எடுக்கலாம். அல்லது ஒரே நிறச் சீட்டுகளைத் தேவையான எண்ணிக்கையில் கொடுத்து, அந்த நிறத் தண்டவாளத்தில் நம் பெட்டிகளை அடுக்கலாம். எஞ்சின் படம் போட்ட சீட்டு எந்த நிறத்துக்கும் பொருந்தும். இரு நகரங்களும் நம் பெட்டிகளால் இணைந்துவிட்டால் அப்பயணம் நிறைவேறியது. உடனே புதிய பயணச்சீட்டு ஒன்றை எடுக்கலாம். மேற்குக் கடற்கரையையும் கிழக்குக் கடற்கரையையும் இணைத்துவிட்டால் சிறப்புச் சீட்டு ஒன்று கிடைக்கும். முதலில் ஆறு சீட்டுகளை நிறைவேற்றியவர் வென்றவர்.

இதில் பகடை இல்லை என்பதை மைத்துனர் முதலிலேயே கவனித்தார். நம் இளமையில் மழைக்கால இரவுகளில் பரமபதம் ஆடியதுண்டு. அதில் ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் விருப்பம். விழுந்தவனுக்கு வெட்கம் இல்லை. ஏறியவனுக்குப் பெருமையும் இல்லை. இங்கோ எந்தச் சீட்டு வரும் என்பது மட்டுமே நம் கையில் இல்லை. வந்ததைக் கொண்டு எங்கே பாதை போடுவது, எதற்காகக் காத்திருப்பது என்பவை நம் பொறுப்பு. மேலும் ஒருவர் போட்ட ஒற்றைத் தண்டவாளத்தில் மற்றவர் போட முடியாது. ஆகவே நாம் முன்னேறுவதே சில வேளைகளில் பிறரை மறிப்பதாகிவிடுகிறது.

சிவப்புப் பெட்டிகளை எடுத்துக்கொண்ட மைத்துனர், ஒன்றை விரல்நுனியில் திருப்பிப் பார்த்தார். "இது என்ன கேஜ்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மகனே விடை சொன்னான்: "அங்கே ஸ்டாண்டர்டு கேஜ், அப்பா. 1435 மில்லிமீட்டர்." "அப்படியானால் நம் பிராட் கேஜைவிடச் சிறியது. நமது 1676" என்றார் மைத்துனர். நான்கு நாள்களில் அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்ட முதற் சொற்கள் அவையே. சமையலறை வாசலில் நின்ற தங்கை நம்மைப் பார்த்தாள்.

பேச்சு அதிலிருந்தே வளர்ந்தது. திருச்சி சந்திப்பில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் அருகருகே கிடந்த காலத்தை மைத்துனர் பேத்திக்கு விளக்கினார். ஈரோட்டிலிருந்து பிராட் கேஜில் வந்த சரக்கு மதுரைக்குப் போக வேண்டுமானால், ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். பெட்டி அப்படியே மாறிப் போகாது. மகனும் தன் பங்குக்குச் சொன்னான்: அமெரிக்காவின் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் பாதை 1869 மே 10 அன்று யூட்டா மாநிலத்தில் பிராமண்டரி என்னும் மேட்டில் ஒன்றுசேர்ந்தது, அங்கே சடங்காகப் பொன் ஆணி ஒன்றைப் பொருத்தினார்கள், மேற்கிலிருந்து மலையைக் குடைந்து வந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். "அவர்கள் பெயர் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார் பிட்டர். "பெரும்பாலும் இல்லை" என்றான் மகன். "எங்கும் அப்படித்தான்" என்றார் அவர். ஆட்டத்தில் மருமகன் வென்றான். இருபத்தைந்து நிமிடம் கழிந்ததே தெரியவில்லை. பெட்டியை மூடியதும் மௌனம் மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் இரவு இரண்டாம் ஆட்டம். இம்முறை நாம் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தோம். ஐந்து சீட்டுகள் நிறைவேறிவிட்டன. ஆறாவதற்கு ஒரே ஒரு தண்டவாளம் மீதம். அதற்கு வேண்டிய வண்ணச் சீட்டுகள் அத்தனையும் கையில் இருந்தன. பேத்திக்கும் ஐந்து நிறைவேறியிருந்தது. அவள் விழிகள் பலகையைவிட்டு அகலவில்லை. குழந்தை வெல்லட்டுமே என்று தோன்றியது. நம் முறை வந்தபோது பாதை போடாமல் இரண்டு சீட்டுகளை எடுத்தோம். அடுத்த முறையும் அவ்வாறே செய்தோம். அதற்கடுத்து அவள் தன் பெட்டிகளை அடுக்கி, கைகளை உயர்த்திக் கூவினாள். நாங்கள் கைதட்டினோம்.

சீட்டுகளைச் சேர்த்து அடுக்கும்போது அவள் கை நின்றது. நம் வண்ணச் சீட்டுகளைப் பார்த்தாள். நிறைவேறாத நம் பயணச்சீட்டைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"சாமித் தாத்தா, உங்களிடம் எல்லாம் இருந்ததே! ஏன் வைக்கவில்லை?"

நாம் ஏதோ மழுப்பினோம். கவனிக்கவில்லை என்றோம்.

"இல்லை, கவனித்தீர்கள். இது நான் ஜெயித்தது இல்லை. நீங்கள் பொய் விளையாடினீர்கள்" என்றவள், உதட்டைக் கடித்துக்கொண்டு பாட்டியிடம் ஓடிவிட்டாள்.

மருமகன் சங்கடத்தோடு புன்னகைத்தான். மைத்துனர் சிவப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நமக்குத் திருநிலைப்பாடு ஆன நாள் முதல் நம்மைச் 'சாமி' என்றே அழைத்து வருபவர், அன்று பழைய முறைப்படி அழைத்தார். "மச்சான், ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி மனம் கோணக்கூடாது என்று சிலர் பார்க்காமலே 'சரி' என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் போல்ட் இறுகிவிடுமா?"

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. குருமடத்தில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் விளையாட்டைப் பற்றி ஆராய்கிறார். அளவோடு விளையாடுவது ஒரு நற்பண்பு என்பது அவர் முடிபு. அப்பண்புக்கு அரிஸ்டாட்டில் இட்ட பெயரையே அவரும் கையாள்கிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த புனித யோவானைக் கண்டு சிலர் இடறல்பட, ஓயாது வளைத்துக்கொண்டே இருந்தால் வில் முறிந்துபோகும் என்று அவர் உணர்த்திய கதையும் அங்கே வருகிறது. எப்போதும் விளையாடுபவன் மட்டுமல்ல, ஒருபோதும் விளையாடாது பிறர் மகிழ்ச்சியையும் தடுப்பவனும் குற்றமுடையவன் என்கிறார் அப்புனிதர். இப்பகுதியைத் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் விளையாட்டு நற்பண்பாக வேண்டுமானால் அதில் உண்மையாய் ஆட வேண்டும் என்பதை அந்தக் குழந்தையே கற்பித்தாள்.

குழந்தையிடம் மட்டுமா பொய் விளையாடினோம்? மாடியில் மருமகனுக்குப் பிடித்ததைச் சொன்னோம். நடைபாதையில் மைத்துனருக்குப் பிடித்ததைச் சொன்னோம். இருவர் முகமும் தெளிந்ததைக் கண்டு அதையே சமாதானம் என்று எண்ணினோம். இரண்டு பக்கமும் பார்க்காமலே 'சரி' என்று எழுதியிருந்தோம். இத்தனை ஆண்டுப் பணியில், இப்படி எத்தனை வீட்டுத் திண்ணைகளில் எழுதியிருப்போமோ என்ற நினைவு நெஞ்சைச் சுட்டது.

விடிந்ததும் முதலில் மருமகனிடம் சென்றோம். "அப்பா மனம் மாறும் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவர் மாறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைச் சமாதானப்படுத்தவே அப்படிச் சொன்னேன்" என்றோம். அவன் முகம் சிவந்தது. "நீங்களுமா மாமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். மைத்துனரிடமும் உள்ளதைச் சொன்னோம். அவர் வருந்தவில்லை. "தெரியும் சாமி. அவனிடமும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பீர்கள் என்று அன்றைக்கே நினைத்தேன்" என்றார். அந்தப் பரிவு, கோபத்தைவிட நம்மை அதிகம் நாணச் செய்தது. பேத்தியிடமும் மன்னிப்புக் கேட்டோம். "இன்று உண்மையாக ஆடுவீர்களா?" என்றாள். ஆடுவோம் என்று வாக்களித்தோம்.

மூன்றாம் இரவு மருமகன் மேசைக்கு வரவில்லை. பேத்தி நான்கு நிறத்தையும் பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கால் மணிக்குப்பின் அவன் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான்.

அன்று ஆட்டம் கடுமையாய் இருந்தது. மைத்துனர் கிழக்கே போகப் பார்த்த இடத்தில் மகன் நீலப் பெட்டிகளை அடுக்கி மறித்தான். கையிலிருந்த இரண்டு பயணச்சீட்டுகளும் அவருக்கு அநேகமாக முடங்கிவிட்டன. இந்த விளையாட்டில் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு முறையை இழந்து, இரு சீட்டுகளையும் கீழே வைத்துவிட்டுப் புதிதாய் இரண்டு எடுக்கலாம். வேறு தண்டனை எதுவும் இல்லை. மைத்துனர் சீட்டுகளை நெடுநேரம் பார்த்தார். பின் இரண்டையும் கீழே வைத்தார். புதியவற்றை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமலே சொன்னார்:

"வீட்டை விற்க மாட்டேன். அதை மட்டும் கேட்காதே. ஆனால் விழுந்ததை உன்னிடம் மறைத்தது தப்பு. இனி மறைக்க மாட்டேன். ஒருமுறை வேண்டுமானால் வந்து பார்க்கிறேன். உன் அம்மாவையும் அழைத்து வருகிறேன்."

மருமகன் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். "ஒருமுறை வந்தால் போதுமா அப்பா? அதற்கப்புறம்?" என்றான். குரல் உடைந்திருந்தது. ஆயினும் அவன் கேட்டது நேராக அப்பாவிடம்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து தங்கை பேசினாள். "என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை" என்றாள்.

நாங்கள் நால்வரும் திரும்பிப் பார்த்தோம். மூன்று இரவுகளாக அவள் அதே வாசலில்தான் நின்றிருந்தாள். மகன் அவளை அழைத்துச் செல்வதாகச் சொன்னான். கணவர் அவளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணனாகிய நாம் அவள் அழைத்ததன்பேரில் வந்தும், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. பெட்டியில் நால்வருக்குத்தான் இடம் என்று அச்சிட்டிருந்தது. ஐந்தாமவளை நாங்கள் எண்ணவே இல்லை.

"சொல்லம்மா" என்றான் மருமகன்.

"எனக்குப் போக ஆசை. பேத்தி பள்ளிக்கூடம் போவதையும் வருவதையும் பார்க்க வேண்டும். ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன். ஆனால் திரும்பி வர எனக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அது இந்த வீடுதான்" என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நாம் எழுந்தோம். நம் பச்சைப் பெட்டிகளையும் சீட்டுகளையும் காட்டி, "நீ உட்கார்" என்று தங்கையிடம் சொன்னோம். பேத்தி நம்மை ஐயத்தோடு பார்த்தாள். "சாமித் தாத்தா, இதுவும் பொய்யா?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு. நான் உட்கார்ந்திருந்தது பாட்டியின் இடத்தில்" என்றோம். அவள் சற்று யோசித்து, சரி என்று தலையசைத்தாள்.

தங்கை முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தாள். மூன்று நாள்களாய் நின்றபடியே விதிகள் யாவற்றையும் கற்றிருந்தாள் போலும். அமர்ந்த மூன்றாவது முறையிலேயே, கணவர் போக நினைத்திருந்த பாதையில் நம் பச்சைப் பெட்டிகளை அடுக்கி மறித்துவிட்டாள். "அடிப்பாவி!" என்றார் மைத்துனர். மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த ஆட்டத்தில் வென்றவள் பேத்தி. வென்றது உண்மையா என்று அவள் எல்லோருடைய சீட்டுகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

யாவும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். மருமகனுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. மைத்துனர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஆனால் விமானத்தில் ஏறும் வரை எதுவும் உறுதியில்லை என்று தங்கை எழுதியிருக்கிறாள். அப்பனும் மகனும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் சண்டையும் போடுகிறார்களாம். தூது செல்ல யாரும் தேவைப்படவில்லை.

ஊருக்குப் புறப்படும்போது பேத்தி அந்த அட்டைப்பெட்டியைப் பாட்டி வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுச் சென்றாள். சென்ற மாதம் மறுபடி பொன்மலைக்குச் சென்றபோது மூவராய் அமர்ந்து ஆடினோம். தங்கையிடம் நாம் தோற்றோம். முழு மனத்தோடு வெல்ல முயன்று, உண்மையாகவே தோற்றோம்.